புரோகிராம் எழுதும் புரோகிராம்கள்: மாணவர் கற்க வேண்டியது என்ன?

"புரோகிராமைக் கணிப்பொறியே எழுதிக்கொள்கிறதாமே! பிறகு நாம் எதற்காக அதைக் கற்க வேண்டும்?" உயர்நிலைப் பள்ளி மாணவர் பலரும் இன்று கேட்கும் கேள்வி இது. சில பெற்றோரும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். பத்தாம் வகுப்பு முடித்ததும் எந்தப் பிரிவில் சேருவது, எதைப் படிப்பது, எதை விடுவது என்று நீங்கள் முடிவு செய்யவேண்டிய வயது இது. தவறான விடையை நம்பினால் சில ஆண்டுகள் வீணாகும்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணிப்பொறி புரோகிராம் எழுதுவது உண்மை. அது நல்ல முன்னேற்றமும்கூட. ஆனால் அதனால் நீங்கள் படிக்கவேண்டியது குறையவில்லை, கூடியிருக்கிறது. ஏன் என்பதை இனிக் காண்போம்.

மாதிரி என்றால் என்ன?

ஒரு பொருளைப் பற்றி நமக்கு வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வேண்டாதவற்றை விட்டுவிட்டு எழுதும் சுருக்கமான விவரத்துக்கு விஞ்ஞானத்தில் 'மாதிரி' என்று பெயர். தனி ஊசல் உங்களுக்குத் தெரிந்த மாதிரிதான். குண்டின் நிறம், நூலின் எடை, காற்றின் தடை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம். நீளமும் புவியீர்ப்பு முடுக்கமும் மட்டும் மிஞ்சுகின்றன. அவற்றைக் கொண்டு அலைவு நேரத்தைக் கணக்கிடுகிறோம்.

கணிப்பொறித் துறையிலும் இதே முறை உண்டு. ஒரு சாதனம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் படமாகவோ அட்டவணையாகவோ முதலில் வரைகிறார்கள். இதுவே மாதிரி. இந்த மாதிரியைப் படித்து, அதற்கேற்ற புரோகிராமை விதிப்படி எழுதித் தர ஒரு கருவி இருக்கிறது. அந்தக் கருவியும் ஒரு புரோகிராம்தான். ஆகவே அதைப் 'புரோகிராம் எழுதும் புரோகிராம்' எனலாம்.

'ஸ்கிராட்ச்' போன்ற வண்ணக் கட்டைகளை அடுக்கி நீங்கள் புரோகிராம் செய்திருக்கலாம். அது வேறு. அங்கே ஒவ்வொரு கட்டையும் ஓர் ஆணை. எழுத்துக்குப் பதில் படம், அவ்வளவே. மாதிரியில் 'முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்' என்ற வரிசை பெரும்பாலும் இராது. 'எந்த நிலைமையில் என்ன நடக்க வேண்டும்' என்பதுதான் இருக்கும். ஆணை வரிசையைக் கருவி அமைத்துக்கொள்ளும்.

தொட்டியும் மோட்டாரும்

ஓர் எளிய உதாரணம் பார்ப்போம். வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி. தரையில் சம்ப். இடையே ஒரு மோட்டார். மாடித் தொட்டியில் கீழ்க்குறி ஒன்று, மேற்குறி ஒன்று. இரண்டிலும் நீரை உணரும் சென்சார்கள். சம்ப்பில் மூன்றாவது சென்சார். மோட்டார் தானாக இயங்க வேண்டும். மாதிரியை நான்கே வரிகளில் எழுதிவிடலாம்:

1. மோட்டார் நிற்கிறது, மாடித் தொட்டியில் நீர் கீழ்க்குறிக்குக் கீழே போய்விட்டது, சம்ப்பில் நீர் உண்டு: மோட்டாரை ஓட்டு.
2. மோட்டார் ஓடுகிறது, நீர் மேற்குறியைத் தொட்டுவிட்டது: நிறுத்து.
3. மோட்டார் ஓடுகிறது, சம்ப்பில் நீர் தீர்ந்துவிட்டது: நிறுத்து.
4. மற்ற நிலைமைகளில்: இருந்தபடியே இரு.

இந்த அட்டவணையைக் கருவியிடம் கொடுத்தால், ஒவ்வொரு வரியையும் 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற ஆணையாக மாற்றி, முழுப் புரோகிராமையும் நொடியில் எழுதிவிடும். நாளைக்கே 'இரவு பத்து மணிக்கு மேல் மோட்டார் ஓடக் கூடாது' என்று வீட்டார் சொன்னால், அட்டவணையில் அதைச் சேர்த்தால் போதும். புரோகிராமில் தேடித் திருத்த வேண்டியதில்லை.

இப்போது அட்டவணையைக் கவனமாகப் பாருங்கள். இதில் ஒரு பெருந்தவறு ஒளிந்திருக்கிறது. அடுத்த பத்தியைப் படிக்குமுன் நீங்களே கண்டுபிடிக்க முயலுங்கள்.

கீழ்க்குறி சென்சாரின் கம்பி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொட்டி நிறைந்திருந்தாலும் அது 'நீர் இல்லை' என்றே சொல்லும். மோட்டார் நிற்கிறது, கீழ்க்குறியில் நீர் இல்லை, சம்ப்பில் நீர் உண்டு: முதல் வரிப்படி மோட்டார் ஓடும். ஓடியவுடன், மேற்குறியில் நீர் இருப்பதால் இரண்டாம் வரிப்படி நிற்கும். நின்றவுடன் மறுபடியும் முதல் வரி. ஓடு, நில், ஓடு, நில் என்று விடாமல் துடிக்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். விரைவில் சுருள் கருகிவிடும்.

புரோகிராமில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. கருவி தன் வேலையைச் சரியாகவே செய்தது. தவறு மாதிரியில் இருந்தது. மூன்று சென்சார்கள், ஒரு மோட்டார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள். ஆக மொத்தம் 2 × 2 × 2 × 2 = 16 நிலைமைகள். நல்ல கருவி இந்தப் பதினாறையும் வரிசையாக எழுதிக் காட்டும். ஆனால் 'மேலே நீர் இருக்கிறது, கீழே நீர் இல்லை' என்பது இயற்கையில் நடக்க முடியாதது, அப்படி வந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்றே பொருள், ஆகவே மோட்டாரை நிறுத்தி மணியடிக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? நீர் கீழிருந்து மேலே நிரம்பும் என்பதை அறிந்த மனிதர். அந்த அறிவு அட்டவணையில் தானாக வந்து சேராது.

ஆகாய விமானத்திலும் விண்கலத்திலும்

இதனால் இந்தக் கருவிகள் பயனற்றவை என்று எண்ணிவிடாதீர்கள். மிக நுட்பமான, உயிர் காக்கும் இடங்களிலேயே இவை பயன்படுகின்றன.

பிரான்ஸ் நாட்டின் கிரெனோபிள் நகரில் 1980-களில் 'லஸ்டர்' என்ற மொழி உருவாயிற்று. அதன் அடிப்படையில் 'ஸ்கேட்' என்ற கருவி எழுந்தது. பொறியாளர்கள் கட்டுப்பாட்டு விதிகளைக் கட்டப் படங்களாக வரைவார்கள். கருவி அவற்றை 'சி' மொழிப் புரோகிராமாக மாற்றித் தரும். 2005-இல் முதன்முதலாகப் பறந்த ஏர்பஸ் ஏ380 விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இந்தக் கருவிக்குப் பங்கு உண்டு. விமான மென்பொருளுக்கான 'டி.ஓ.-178சி' என்ற விதித்தொகுப்பு 2011-இல் வந்தபோது, மாதிரி வழியாக உருவாக்கும் முறைக்கென்றே தனித் துணைத் தொகுப்பு ஒன்றும் உடன் வந்தது.

2022 நவம்பர் 16-ஆம் தேதி கிளம்பிச் சந்திரனைச் சுற்றிவிட்டு டிசம்பர் 11-இல் கடலில் இறங்கிய ஓரியன் விண்கலத்தையும் சொல்லலாம். அதன் வழிகாட்டல், கட்டுப்பாடு ஆகியவற்றுக்கான மென்பொருளை உருவாக்க, நாசா 'சிமுலிங்க்' என்ற கருவியில் வரைந்த மாதிரிகளிலிருந்து தானாகப் புரோகிராம் பெறும் முறையைக் கையாண்டது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? கையால் பல்லாயிரம் வரிகள் எழுதும்போது கை தவறுவது இயல்பு. கருவி களைப்படையாது. ஒரே மாதிரியைப் பத்துத் தடவை கொடுத்தாலும் ஒரே புரோகிராமைத்தான் தரும். புரோகிராமின் எந்த வரி மாதிரியின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று தொடர்பு காட்ட முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, விமானம் பறக்குமுன்பே மாதிரியை ஓடவிட்டுச் சோதிக்கலாம். இவை சிறிய நன்மைகள் அல்ல.

பழைய கனவு

'இனிப் புரோகிராம் எழுத ஆளே வேண்டாம்' என்ற பேச்சு புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 'ஃபோர்ட்ரான்' மொழியை அமைக்க முனைந்தபோது, 1954-இல் வெளியிட்ட முன்னறிக்கையிலேயே, ஆணை எழுதும் வேலையும் பிழை தேடும் வேலையும் ஏறக்குறைய ஒழிந்துவிடும் என்று நம்பிக்கை தெரிவித்தார்கள். அக்காலத்தில் இதற்குத் 'தானியங்கிப் புரோகிராமிங்' என்றே பெயர். சூத்திரத்தை எழுதினால் போதும், இயந்திர ஆணைகளைக் கணிப்பொறியே எழுதிக்கொள்ளும் என்பது அன்று பெரிய புதுமை. 1957-இல் ஃபோர்ட்ரான் வந்தது. பெரும் வெற்றி பெற்றது. ஆனால் பிழை தேடும் வேலை ஒழிந்ததா? இல்லை. புரோகிராம் எழுதுவோர் தொகை குறைந்ததா? பன்மடங்கு பெருகியது. முன்பு எட்டாத கணக்குகளெல்லாம் எட்டியதால் வேலையும் வளர்ந்தது.

1980-களில் 'கேஸ்' கருவிகள் என்று ஓர் அலை வந்தது. படம் வரைந்தால் அலுவலகப் புரோகிராம் முழுதும் வந்துவிடும் என்றார்கள். சில இடங்களில் பயன்பட்டன. பல கருவிகள் இருந்த இடம் தெரியாமல் போயின. 1997-இல் 'யூ.எம்.எல்.' என்ற பொதுப் படமொழி தரமாக ஏற்கப்பட்டது. 2001-இல் அதே அமைப்பு, மாதிரியையே மையமாக வைத்து மென்பொருள் ஆக்கும் திட்டத்தை அறிவித்தது. ஒவ்வொரு முறையும் எழுத்து வேலை ஒரு படி மேலே ஏறியது. சிந்தனை வேலை ஒழியவில்லை. இந்த வரலாற்றை அறிந்தவர் இன்றைய ஆரவாரத்தைக் கேட்டு மயங்கமாட்டார், மிரளவும் மாட்டார்.

ஒரு கல் விழுகிறது

மாதிரியைச் சரியாக அமைத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. கருவி உள்ளே என்ன செய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து ஒரு கல்லை விடுகிறோம். முடுக்கம் நொடிக்கு நொடி 10 மீட்டர் என்று எளிதாக வைத்துக்கொள்வோம். 3 நொடியில் எவ்வளவு தூரம் விழும்? சூத்திரப்படி ½ × 10 × 9 = 45 மீட்டர்.

இதையே கட்டப் படமாக வரைந்தால் இரண்டு பெட்டிகள் போதும். முதல் பெட்டி முடுக்கத்தைச் சேர்த்துச் சேர்த்து வேகமாக்கும். இரண்டாவது பெட்டி வேகத்தைச் சேர்த்துச் சேர்த்துத் தூரமாக்கும். இந்தப் படத்தைப் புரோகிராமாக மாற்றும்போது, காலத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும். மிக எளிய முறையில், ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் இருக்கும் வேகத்தை அந்தத் துண்டு முழுவதற்கும் எடுத்துக்கொள்வார்கள்.

துண்டின் அளவு 1 நொடி என்றால், மூன்று துண்டுகளின் தொடக்க வேகங்கள் 0, 10, 20. கூட்டினால் 30 மீட்டர். உண்மை விடையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது! துண்டை 0.1 நொடியாக்கினால் விடை 43.5 மீட்டர். 0.01 நொடியாக்கினால் 44.85 மீட்டர். நீங்களே கூட்டிச் சரிபார்க்கலாம். கூட்டுத் தொடர் தெரிந்தால் இரண்டே வரியில் முடியும்.

மூன்று விடைகளும் ஒரே படத்திலிருந்து, ஒரே கருவியில் வந்தவை. படம் சரி; பிழையற்ற புரோகிராம். ஆனாலும் 30 மீட்டர் என்ற விடையைக் கண்டு 'இது எப்படி?' என்று புருவம் உயர்த்த, 45 மீட்டரை மனக்கணக்காகப் போடத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். மேலும் நுட்பமான கணக்கு முறைகள் உண்டு. நல்ல கருவிகள் அவற்றையே கையாளும். இருந்தாலும் எந்த முறை, எவ்வளவு சிறிய துண்டு என்பதைத் தேர்ந்தெடுப்பவர் மனிதரே.

சொன்னபடி செய்த ராக்கெட்

1996 ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பாவின் ஆரியான்-5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. ஒரு நிமிஷத்துக்குள் பாதை விலகி, வெடித்துச் சிதறியது. அதிலிருந்த நான்கு விஞ்ஞானச் செயற்கைக் கோள்களும் அழிந்தன. காரணம் என்ன?

ராக்கெட்டின் திசையறியும் கருவியில் இருந்த மென்பொருள், முந்திய ஆரியான்-4 ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை அது 16 பிட் அளவுள்ள இடத்தில் போட்டது. குறியுடன் கூடிய முழு எண்ணாக அந்த இடத்தில் 32,767-க்கு மேல் கொள்ளாது. ஆரியான்-4-இல் அந்த எண் ஒருபோதும் அவ்வளவு பெரிதாகாது என்று கணக்கிட்டே, அங்கே பாதுகாப்புப் போடாமல் விட்டிருந்தார்கள். ஆரியான்-5 கிளம்பிய சில நொடிகளிலேயே பழையதைவிடக் கூடுதல் கிடைமட்ட வேகம் பெறும். எண் வழிந்தது, கருவி நின்றது. அவசரத்துக்கென்று வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள்தான். அதுவும் அதே காரணத்தால் நின்றது.

இங்கே ஆணை எழுதியவர் கை தவறவில்லை. ஆரியான்-4-க்கு அது சரியான புரோகிராம். 'வேகம் இவ்வளவுக்கு மேல் போகாது' என்ற அனுமானம் மாறியது; மாறியதை யாரும் அங்கே போய்ச் சொல்லவில்லை. ஆரியான்-5-இன் பாதை விவரங்கள் அந்தக் கருவியின் தேவைப் பட்டியலிலும் சோதனையிலும் சேர்க்கப்படவே இல்லை. அதே பட்டியலைக் கொடுத்துத் தானியங்கிக் கருவியைக்கொண்டு புரோகிராம் எழுதியிருந்தால், கருவி அந்த எண்ணின் எல்லையைச் சோதித்திருக்கக்கூடும். ஆனால் எல்லை எது என்று நாம் கொடுக்கும் விவரம் பழையதாக இருந்தால் சோதனையும் பழையதே. மாதிரியில் உள்ள தவறைக் கருவி நம்பிக்கையுடன் நகலெடுக்கும்.

இன்னும் சில இடர்கள்

நடைமுறையில் வேறு தொல்லைகளும் உண்டு. அவசரத்தில் சிலர் மாதிரியைத் தொடாமல், கருவி எழுதிய புரோகிராமிலேயே நேராகக் கைவைத்துத் திருத்துவார்கள். அன்று முதல் படம் ஒன்று, நடப்பது வேறொன்று. மறுபடி கருவியை ஓட்டினால் கைத்திருத்தம் அழிந்துபோகும். வீட்டு வரைபடத்தில் இல்லாத சுவரைக் கொத்தனார் எழுப்பிவிட்டால், பிறகு மின்கம்பி பதிக்க வருபவர் வரைபடத்தை நம்பி எங்கே துளையிடுவார்?

ஒரே நிறுவனத்தின் கருவியை நம்பியிருப்பதும் இடரானது. அந்த நிறுவனம் கருவியைக் கைவிட்டால், பல்லாண்டு உழைப்பில் வரைந்த மாதிரிகளைத் திறந்து பார்க்கவும் வழியிராது. விலையின்றிக் கிடைக்கும் திறந்த கருவிகளுக்கு இங்கே சிறப்பு உண்டு. பிரான்சில் தோன்றிய 'சைலாப்' மென்பொருளும் அதனுடன் வரும் 'எக்ஸ்காஸ்' கட்டப்படக் கருவியும் அத்தகையவை. மேலே சொன்ன கல் விழும் கணக்கை அதில் நீங்களே வரைந்து பார்க்கலாம்.

2022-க்குப் பிறகு பரவலான, உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் புரோகிராம் எழுதுகின்றன. சாதாரண வாக்கியத்தில் கேட்டால் போதும். இவற்றையும் மாதிரி வழிக் கருவிகளையும் ஒன்றாக எண்ணக் கூடாது. மாதிரி வழிக் கருவி விதிப்படி மாற்றுகிறது. உரையாடும் கருவியோ, ஏராளமான பழைய எழுத்துக்களில் கற்ற சாயலைக்கொண்டு பொருத்தமாகத் தோன்றுவதை எழுதுகிறது. அதே கேள்விக்கு இன்னொரு முறை வேறு விடை வரலாம். நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் நீங்கள் சொன்ன வாக்கியத்தில் சொல்லாமல் விட்டதை அது எப்படி நிரப்பியது என்று பார்க்கும் பொறுப்பு உங்களுடையதே. தொட்டிக்கு நான்கு வரி அட்டவணை எழுதியபோதே ஒரு மோட்டார் கருகியது; ஒரு வரியில் 'தொட்டிக்குப் புரோகிராம் எழுது' என்று கேட்டால் சொல்லாமல் விடுவது எவ்வளவு இருக்கும்!

அப்படியானால் எதைக் கற்பது?

என் கருத்தை மூன்று பகுதியாகச் சொல்கிறேன்.

ஒன்று, ஒரு கணிப்பொறி மொழியையாவது கையால் எழுதிக் கற்றுக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் வந்த பிறகும் வாய்ப்பாடு படிக்கிறோம் அல்லவா? விடை ஏறுமாறாக வந்தால் சந்தேகப்படுவதற்கு அது வேண்டும். கருவி எழுதியதைப் படித்துப் பார்க்கத் தெரியாதவர், கையெழுத்துப் போடும் பத்திரத்தைப் படிக்கத் தெரியாதவர் போன்றவர்.

இரண்டு, கணக்கையும் இயற்பியலையும் விட்டுவிடாதீர்கள். மாதிரி என்பது அவற்றில்தான் பிறக்கிறது. நீர் எப்படி நிரம்பும், கல் எப்படி விழும், வேகம் எவ்வளவு ஆகும் என்று தெரிந்தவர்தான் நல்ல அட்டவணை போட முடியும். 'இனிக் கணக்கு எதற்கு?' என்று கேட்பவரிடம் ஆரியான்-5 கதையைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பள்ளிகளுக்கும் சேர்த்துச் சொல்வது. சோதனைச்சாலைக் குறிப்பேட்டில் நோக்கம், கருவிகள், சூத்திரம், முடிவு என்று எழுதுகிறோம். அதோடு இன்னொரு தலைப்பையும் சேர்க்க வேண்டும்: 'இந்தச் சூத்திரம் எங்கே பொருந்தாது?' தனி ஊசலுக்கு அதன்கீழ் என்ன எழுதுவீர்கள்? அலைவு சிறியதாக இருக்கும்வரைதான் பொருந்தும் என்று எழுதலாம். 60 பாகை சாய்த்து விட்டால் அலைவு நேரம் சூத்திரம் சொல்வதைவிட ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். இதை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகாது. மதிப்பெண்ணும் இன்று கிடையாது. ஆனால் ஆண்டு முழுவதும் ஒவ்வொரு சோதனைக்கும் எழுதிப் பழகிய மாணவர், நாளை ஒரு மாதிரியை வரைந்து கருவியிடம் கொடுக்குமுன், 'நான் எதை விட்டுவிட்டேன்?' என்று தாமாகவே கேட்பார். இதற்குக் கணிப்பொறியும் வேண்டாம், செலவும் இல்லை. எந்தச் சிற்றூர்ப் பள்ளியிலும் நாளைக்கே தொடங்கலாம்.

புரோகிராம் எழுதும் வேலையைக் கருவிகள் மேலும் மேலும் ஏற்றுக்கொள்ளும், ஏற்றுக்கொள்ளட்டும். அவற்றிடம் எதைக் கொடுப்பது, வந்ததை நம்பலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்பவர் தேவைப்பட்டுக்கொண்டே இருப்பார். அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும். இப்போதைக்கு ஒரு சிறு வேலை: மோட்டார் அட்டவணையின் பதினாறு நிலைமைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். மின்சாரம் நின்று மறுபடி வரும்போது மோட்டார் எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். நம் நான்கு வரிகளில் அதற்கு விடை இல்லை.